மிஞ்சிய வழுக்கி

அறிக்கை போய்விட்டது.
பெருங்குடல், நான்கு துண்டுகள், ஒவ்வொன்றும் எள்ளளவு.
குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.
பெயர்: பரமலிங்கம் யசோதினி. வயது முப்பத்தெட்டு.
தொழில் என்ற கட்டத்தில்
யாரோ அவசரத்தில் எழுதியிருந்தார்கள்: கண்ணிவெடி.
'அகற்றுபவர்' என்று எழுத இடம் போதவில்லை.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
நாலரைக்கு ஏசியை நிறுத்திவிடுவார்கள்.
மெழுகுக் கட்டியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.
யாரும் கேட்டு எழுதவில்லை.
என்பாட்டில் ஒரு சீவல் சீவி
வெள்ளி நைத்திரேற்றில் போட்டு
இரவு முழுக்க இருட்டில் வைத்தேன்.

காலையில் நுணுக்குக்காட்டியில்
வெளிறிய சுவர் நெடுக
அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் கறுத்துப்போய் நின்றார்கள்.
மற்றக் கலங்கள் வெள்ளியைத் தீண்டவில்லை.
இவர்கள் மட்டும்
தாமாக இழுத்து, தாமாகக் கரியாக்கி.

கலம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம்.
கலம் என்றால் பாத்திரம். ஓடமும்தான்.
இதில் ஏற்றியிருப்பது செரற்றோனின்.
உடம்பில் உள்ளதில் நூற்றுக்குத் தொண்ணூறு
இந்தச் சேற்றுத் துறையில்தான் கட்டிக் கிடக்கிறது.
சந்தோசத்தின் சரக்கு என்று பேப்பர்களில் எழுதுகிற அதே சாமான்.

ஆனால் இங்கிருந்து மூளைக்குப் பாதை இல்லை.
ஓமந்தையில் மறித்ததுபோல் மறிப்பு.
பற்றரி, பெற்றோல், சீமெந்து,
எது தாண்டியது அப்போது?
கடிதம் தாண்டியது.
சுவருக்கு அந்தப் பக்கம்
அலைந்து திரிகிற நரம்பொன்று
காதை ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறது.
கலம் ஒரு சிட்டிகை சிந்தும்.
நரம்பு கேட்டுவிட்டு மேலே ஓடும்.
வயிற்றில் புளியைக் கரைத்தது என்கிறோமே,
கரைத்த கை இது.

மற்ற நாட்களில் பெரிய வேலை இல்லை.
உண்டது வந்து சுவரை அமர்த்தும்.
அமர்த்தியது தெரிந்ததும் இது கொஞ்சம் விடும்.
குடல் பின்னால் நெரித்து முன்னால் திறக்கும்,
இரணைமடுத் தண்ணீரைக் கதவு கதவாய்த் திறந்து
வயலுக்கு அனுப்புவதுபோல.
கெட்டது வந்தால்
ஒரேயடியாகக் கொட்டும்.
மேலால் வாந்தி, கீழால் வெள்ளம்.

வியாழன் அவள் வந்தாள் அறிக்கைக்கு.
முகமாலை பஸ். நகத்தடியில் மண்.
"ஒண்டும் இல்லையோ?"
ஒன்றும் இல்லை என்றேன்.
"வேலைக்குள்ள நிக்கேக்க ஒரு கரைச்சலும் இல்லை, மிஸ்.
முழங்காலிலை இருந்து கோலைச் சரிச்சுக் குத்தி
விரல்கடை விரல்கடையாத் தடவேக்க
வயிறு கல்லு மாதிரிக் கிடக்கும்.
ஞாயிற்றுக்கிழமைதான்.
பிள்ளை தண்ணிப்போத்தலை விழுத்தினாலும்
நான் கக்கூசுக்கு ஓடவேணும்."

பிறகு சிரித்தாள்.
அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

நான் சொல்லாமல் வைத்துக்கொண்டது இது:
இந்தக் கலங்களுக்குச் சில கிழமைதான் ஆயுள்.
உதிரும். அடியில் புதிது முளைக்கும்.
கறுத்து நிற்பவர்களில் ஒருவர்கூட
அந்த வருசம் மாத்தளன் மணலில் படுத்திருக்கவில்லை.
போன மாதம் பிறந்தவர்கள்.
ஷெல் கூவி வருவது தெரியாது.
பங்கருக்குள் வயிறு கலக்க,
வெளியே போகலாமா என்று
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோமே,
அது தெரியாது.
போத்தல் விழுந்தால் பயப்படு என்று
இவர்களுக்கு யார் சொன்னது?

எந்தச் சாயத்திலும் அது ஏறவில்லை.

வழுக்கிக்கு இலக்கம் போடவில்லை.
பெட்டியில் வைத்தால் கேள்வி வரும்.
லாச்சிக்குள் கிடக்கிறது,
தீர்ந்துபோன பேனைகளோடு.

நேற்றுக் கரண்ட் போய்
ஜெனரேற்றர் திடீரென உதறிக்கொண்டு எழும்பியது.
கையில் இருந்த குழாயை வைத்துவிட்டு
நானும் ஓடினேன்.